கீபோர்டு வாங்கப் போறீங்களா? முதல்ல அதைத் தூக்கிப் பாருங்க



பள்ளிக்கூட லீவு நெருங்கினால் காய்ச்சல், சளிக்கு அடுத்தபடியா எனக்கு வரும் கேள்வி இதுதான்: "டாக்டர், நீங்க கீபோர்டு வாசிப்பீங்கல்ல, பையனுக்கு எது வாங்கலாம்?"

எத்தனை டோன், எத்தனை ரிதம், என்ன விலை, எல்லாம் கேட்கிறார்கள். எத்தனை கிலோ என்று இதுவரை ஒருத்தரும் கேட்டதில்லை. அதனால்தான் இந்த நீண்ட இழை.

பெரம்பலூர், அரியலூர் பக்கம் கோயில் திருவிழாவிலும் சர்ச்சிலும் நீங்கள் பார்ப்பது பெரும்பாலும் 'அரேஞ்சர்' வகை கீபோர்டு. இடது கையால் கார்டு பிடித்தால் போதும், டிரம்ஸ், பேஸ், கிட்டார் எல்லாம் தானாகப் பின்னால் வரும். வலது கை பாட்டை வாசிக்கும். ஒரே ஆள் ஒரு சின்ன ட்ரூப் ஆகிவிடுவார்.

ஆனா அந்த ட்ரூப்பை யாராவது தூக்கிட்டு வரணுமே?

கேசியோ சிடி-எஸ்300 எடை 3.3 கிலோ. யமஹா பிஎஸ்ஆர்-இ373, 4.6 கிலோ. பிஎஸ்ஆர்-இ473, 7 கிலோ. மேடைக் கலைஞர்கள் ஆசைப்படும் பிஎஸ்ஆர்-எஸ்எக்ஸ்900, 11.5 கிலோ. நாலிலும் அதே 61 கட்டைதான். பை, ஸ்டாண்டு, அடாப்டர், பெடல் சேர்த்தால் இன்னும் மூணு நாலு கிலோ ஏறும்.

சில மாதம் முன்பு ஓ.பி.க்கு ஒரு கீபோர்டு கலைஞர் வந்தார். வயது நாற்பதைத் தாண்டியவர். இடுப்பு வலி வலது காலில் இறங்குகிறது, கட்டைவிரல் மரத்துப் போகிறது. பதினொரு கிலோ பெட்டியோட பஸ்ஸிலும் பைக்கிலும் ஊர் ஊரா அலையறவர்.

"கொஞ்ச நாளைக்கு வெயிட் தூக்காதீங்கண்ணே."

"தூக்கலைன்னா பங்குனி, சித்திரை போயிடும் சார். அந்த ரெண்டு மாசம்தான் எங்களுக்கு வருஷமே."

நான் எலும்பு மருத்துவர் இல்லை, எம்.பி.பி.எஸ். படித்த பொது மருத்துவர். ஆனாலும் இந்தக் கணக்கு எளிமையானது. குனிந்து, கையை நீட்டி, பஸ் சீட்டுக்கு அடியிலிருந்து பெட்டியை இழுக்கும்போது சுமை முதுகெலும்பிலிருந்து சுமார் 50 செ.மீ. தள்ளி இருக்கும். அதைத் தாங்கும் முதுகுத் தசை சுமார் 5 செ.மீ. தூரத்திலிருந்துதான் இழுக்கும். பார்க்கில் இருக்கும் சீசா மாதிரி யோசிங்க. கிட்டத்தட்ட 10 மடங்கு விசை. 11.5 கிலோ பெட்டிக்குத் தசை 115 கிலோ அளவுக்கு இழுக்கணும். அந்த அழுத்தம் டிஸ்க்கில் போய் இறங்கும்.

அவரிடம் இன்னொன்றும் கேட்டேன். "ஒரு கச்சேரியில எத்தனை டோன் மாத்துவீங்க?" விரல் விட்டு எண்ணினார். பியானோ, ஸ்ட்ரிங்ஸ், புல்லாங்குழல், நாதஸ்வரம்... எட்டைத் தாண்டவில்லை. பெட்டிக்குள் இருப்பதோ பல நூறு.

"அப்ப சின்னதே போதுமே?"

"வாசிக்கப் போதும் சார். ஆனா அதோட போய் நின்னா, பொம்மை வச்சிருக்கான்னு ரேட்டைக் குறைச்சிடுவாங்க."

இதுக்கு என்கிட்ட மாத்திரை இல்லை.

கனமானதெல்லாம் வீண் என்று சொல்லவில்லை. பெரிய ஸ்பீக்கர், நல்ல கட்டை, டச் ஸ்கிரீன், அதற்கெல்லாம் எடை ஆகத்தான் செய்யும். ஆனால் எடை கூடினால் நமக்கு வேண்டியது தானாகக் கூடிவிடாது. நான் முதலில் பார்ப்பது இவைதான்:

பிட்ச் பெண்ட் சக்கரம். அகில இந்திய வானொலி 1940 முதல் 1971 வரை ஆர்மோனியத்தைத் தடை செய்திருந்தது. கட்டையின் சுருதி அசையாது, கமகம் வராது என்பது முக்கியப் புகார். அந்தக் குறையைச் சரிக்கட்டுவது இந்தச் சின்னச் சக்கரம்தான். கே. சத்யநாராயணன் கீபோர்டிலேயே கர்நாடக இசைக் கச்சேரி செய்கிறார். 3.3 கிலோ சிடி-எஸ்300-ல் இந்தச் சக்கரம் உண்டு. அதைவிடக் கனமான இ373-ல் கிடையாது!

பேட்டரி. மேலே சொன்ன அந்த இரண்டும் 6 டபுள் ஏ பேட்டரியில் ஓடும். 11.5 கிலோ பெட்டி ஓடாது. கரண்ட் போனால் அதுவும் போச்சு.

நம்ம தாளம். வெளிநாட்டு ஸ்டைல் இருநூறு இருந்தாலும் தெம்மாங்குக்குப் பொருந்தும் ஒரு 6/8 இல்லையென்றால் என்ன பயன்? யமஹா பிஎஸ்ஆர்-ஐ500, கேசியோ சிடி-எக்ஸ்9000ஐஎன் மாதிரி இந்தியாவுக்கென்றே வந்த மாடல்களில் நம்ம வாத்தியங்களும் தாளங்களும் இருக்கு. கடையில் வாசிச்சுப் பாருங்க.

டிரான்ஸ்போஸ். பாடகர் சுருதியை மாற்றினால் ஒரு பட்டனில் மாறணும்.

அடுத்து, குழந்தைகள். 2020-ல் வந்த மத்திய அரசின் பள்ளிப் பை கொள்கைப்படி, பையின் எடை குழந்தையின் எடையில் 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. 28 கிலோ எடையுள்ள பிள்ளைக்கு 2.8 கிலோதான் கணக்கு. மேலே சொன்னதில் லேசான கீபோர்டே அதைத் தாண்டுது. அதனால் கிளாஸுக்கு நீங்க தூக்கிட்டுப் போங்க.

வாசிக்கிறவங்களுக்கு: பெட்டியை உடம்போடு ஒட்டிப் பிடிங்க, முழங்காலை மடக்கித் தூக்குங்க, தூக்கிக்கிட்டே இடுப்பைத் திருப்பாதீங்க. ஸ்டாண்டைத் தனியா எடுத்துட்டு வாங்க. இடுப்பு வலியோட காலில் பலம் குறைஞ்சாலோ, சிறுநீர் போவதில் சிக்கல் வந்தாலோ, தொடை இடுக்கில் உணர்ச்சி மரத்துப் போனாலோ, கச்சேரி முடியட்டும்னு இருக்காதீங்க. உடனே அரசு மருத்துவமனைக்கு வாங்க. அது அவசரம்.

திருவிழாக் கமிட்டிக்காரங்களுக்கும் ட்ரூப் நடத்துறவங்களுக்கும் ஒரு வேண்டுகோள். பெட்டியின் அளவைப் பார்த்துச் சம்பளம் பேசாதீங்க. கண்ணை மூடிக்கிட்டு ஒரு பாட்டு கேளுங்க, அப்புறம் ரேட் பேசுங்க. வண்டியிலிருந்து மேடைக்குத் தூக்க இளந்தாரிப் பசங்க ரெண்டு பேரை அனுப்பி வைங்க. உங்களுக்குச் செலவே இல்லை. அவருக்கு இன்னும் பத்து வருஷம் வாசிக்க முதுகு மிஞ்சும்.

வாங்கப் போறவங்க கடையில் ஒரு காரியம் செய்யுங்க. பிடித்த மாடலைப் பையில் போடச் சொல்லி, தோளில் மாட்டி, ஒரு மாடி ஏறி இறங்குங்க. அதுக்கப்புறமும் அதைத்தான் வேணும்னு மனசு சொன்னா தாராளமா வாங்குங்க.