காலிக் கோட்டை மதிலில் ஒரு மாலை நடை

பாடசாலைக்கு விடுமுறை விட்டால் மனமும் ஓய்ந்துவிடும் என்று நாம் நினைக்கிறோம். ஆனால் பல வீடுகளில் நடப்பது வேறு. பரீட்சை எழுதிய பிள்ளை பெறுபேற்றை எண்ணி இரவெல்லாம் புரண்டு படுக்கிறது. அடுத்த வருடம் எழுதவிருக்கும் பிள்ளை காலையில் ஒரு டியூஷன், மாலையில் ஒரு டியூஷன் என்று ஓடுகிறது. எல்லோரும் வீட்டில் இருப்பதால் உம்மாவுக்கு அடுப்படி வேலை இரட்டிப்பாகிறது. வாப்பாவுக்கோ புதிய தவணைக்குரிய கொப்பி, சப்பாத்துச் செலவுகள் பற்றிய யோசனை. நெஞ்சு படபடப்பது, சிறிய விடயத்துக்கும் எரிந்து விழுவது, உறக்கம் கெடுவது ஆகியவற்றோடு வரும் இந்த மன நிலையைப் பதகளிப்பு என்பார்கள்.

“யோசிக்காதே” என்று சொல்வதால் பதகளிப்பு போய்விடாது. உடலுக்கு அசைவும், மனதுக்கு ஒரு வடிகாலும் வேண்டும். அதற்காக இந்த விடுமுறையில் ஒரு நாளை ஒதுக்கி, குடும்பத்தோடு காலிக்குச் சென்று வாருங்கள். கோட்டை மதிலில் நடப்பதற்குக் கட்டணம் இல்லை.

கொழும்பு கோட்டையில் கரையோரப் புகையிரதம் ஏறி, வலது பக்க ஜன்னலோரம் அமருங்கள். களுத்துறை, அளுத்கம, அம்பலாங்கொடை, ஹிக்கடுவை என்று வழி நெடுகக் கடல் கூடவே வரும். டிசம்பர் முதல் ஏப்ரல் வரை தென்கரைக் கடல் பெரும்பாலும் அமைதியாக இருக்கும். மே முதல் செப்டம்பர் வரை தென்மேல் பருவக்காற்றில் அது கொந்தளிக்கும். எந்தக் காலமானாலும் ஒரு நிபந்தனை: போகும் வழியில் புள்ளிகளைப் பற்றியோ பக்கத்து வீட்டுப் பிள்ளையைப் பற்றியோ யாரும் வாய் திறக்கக் கூடாது.

காலி நமக்குப் பழைய உறவுள்ள ஊர். 1344 இல் இலங்கைக்கு வந்த இப்னு பதூதா இதை ஒரு சிறு பட்டினமாகக் குறிப்பிட்டு, இப்ராஹீம் என்ற முஸ்லிம் கப்பல் தலைவர் தம்மை உபசரித்ததையும் எழுதியிருக்கிறார். பின்னர் போர்த்துக்கேயர் வந்தனர். 1640 இல் ஒல்லாந்தர் ஊரைக் கைப்பற்றி, இன்று நாம் காணும் பெரும் மதில்களைக் கட்டினர். 1988 இல் யுனெஸ்கோ இதை உலக மரபுரிமைத் தலமாக்கியது.

அஸர் தொழுகையை முடித்துக்கொண்டு, வெய்யில் தாழ்ந்ததும் நடையைத் தொடங்குங்கள். பிரதான வாயிலுக்கு அருகே மதிலின் மேல் ஒரு மணிக்கூட்டுக் கோபுரம் நிற்கிறது. அன்தனிஸ் என்ற வைத்தியரைக் கௌரவித்து 1883 இல் எழுப்பப்பட்டது அது. அதிலுள்ள மணிக்கூட்டை அன்பளிப்புச் செய்தவர் அவரிடம் வைத்தியம் பெற்ற ஒருவர். நோய்க்கு வைத்தியரை நாடுவதிலும் அவருக்கு நன்றி சொல்வதிலும் வெட்கப்பட ஒன்றுமில்லை என்று பிள்ளைகளுக்குச் சொல்ல அது நல்ல இடம்.

அங்கிருந்து மேற்கு மதில் வழியே கடலோரமாகத் தெற்கு நோக்கி நடவுங்கள். அவசரம் வேண்டாம். மூக்கால் நான்கு எண்ணும் வரை மூச்சை உள்ளே இழுத்து, ஆறு எண்ணும் வரை மெதுவாக வெளியே விடுங்கள். பிள்ளைகளையும் இதை ஒரு விளையாட்டாகச் செய்யச் சொல்லுங்கள். வெளிமூச்சு நீளும்போது நெஞ்சின் படபடப்புத் தணிவதை நீங்களே உணர்வீர்கள். மதிலின் பல இடங்களில் தடுப்பு இல்லை. ஆகையால் சிறு பிள்ளைகளின் கையை விட்டுவிடாதீர்கள்.

2004 டிசம்பர் 26 ஆம் திகதி இதே கடல் பொங்கி எழுந்தது. ஹிக்கடுவைக்கு அருகே பெரலியவில் புகையிரதம் ஒன்றை அலை புரட்டிப்போட, ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். காலி பஸ் நிலையமும் நீரில் மூழ்கியது. கோட்டைக்குள் இருந்தவர்களை இந்த மதில்கள் பெரும்பாலும் காத்தன. ஆகவே அச்சம் என்பது பொய்யல்ல, அதற்குக் காரணங்கள் உண்டு. பிள்ளை “பயமாக இருக்கிறது” என்றால், “அதெல்லாம் ஒன்றுமில்லை” என்று வாயை அடைத்துவிடாதீர்கள்.

தென்முனையிலுள்ள கொடிப்பாறையை அடைந்ததும் சற்று உட்காருங்கள். கோட்டைத் தெருக்களின் கீழே ஒல்லாந்தர் அமைத்த கழிவுநீர்க் கால்வாய்கள் உள்ளன. கடல் ஏறும்போது நீர் உள்ளே புகுந்து, திரும்பும்போது அழுக்கை அள்ளிக்கொண்டு போகும்படி அவற்றை அமைத்தார்கள். ஊருக்கே வடிகால் தேவைப்பட்டால் மனிதனுக்குத் தேவைப்படாதா? “உனக்கு எதை நினைத்தால் அதிகம் பயம்?” என்று மகளிடம் கேளுங்கள். கேட்டுவிட்டு மௌனமாக இருங்கள். புத்திமதி மறுநாள் சொல்லலாம். பேச இயலாத பிள்ளைக்கு ஒரு கடுதாசியும் பேனையும் கொடுத்தால் எழுதிக் காட்டும்.

கொடிப்பாறையைக் கடந்தால் 1939 இல் கட்டப்பட்ட வெளிச்சவீடும், அதன் எதிரே வெண்ணிறத்தில் மீரான் ஜும்ஆப் பள்ளிவாசலும் தெரியும். 1892 இல் ஆரம்பிக்கப்பட்ட பஹ்ஜத்துல் இப்ராஹீமிய்யா அரபுக் கல்லூரியும் இந்தக் கோட்டையிலேயே இருக்கிறது. இரவெல்லாம் வணங்கிப் பகலெல்லாம் நோன்பிருந்த அப்துல்லாஹ் இப்னு அம்ர் (ரழி) அவர்களிடம், உடலுக்கும் கண்ணுக்கும் உரிமைகள் உண்டு என்பதை நபி (ஸல்) அவர்கள் உணர்த்தியதாக ஸஹீஹுல் புகாரியில் பதிவாகியுள்ளது. வணக்கத்திலேயே உடலின் உரிமை மறக்கப்படக் கூடாதென்றால், டியூஷனிலும் அடுப்படியிலும் அதை எப்படி மறக்கலாம்?

ஆகவே ஊர் திரும்பியதும் இவற்றைக் கைவிடாதீர்கள். தினமும் அரை மணி நேரமாவது நடவுங்கள். உறங்கும் நேரத்தை விடுமுறையிலும் மாற்றாதீர்கள். அந்திக்குப் பிறகு தேநீரைக் குறையுங்கள். இரவில் கைத்தொலைபேசியைப் படுக்கையறைக்கு வெளியே வையுங்கள். வாரத்தில் ஒரு நாளை டியூஷன் இல்லாத நாளாக்குங்கள். எல்லாவற்றிலும் முக்கியமாக, உம்மாவுக்குத் தினமும் ஒரு மணி நேரம் விடுமுறை கொடுங்கள். அந்த நேரத்தில் கோப்பைகளைக் கழுவுவது வாப்பாவும் பிள்ளைகளுமாக இருக்கட்டும். வீட்டில் ஒருவர் நாளெல்லாம் ஓடிக்கொண்டிருந்தால், மற்றவர்கள் எடுக்கும் ஓய்வு ஓய்வாகாது.

இத்தனைக்குப் பின்னும் சில வாரங்களாக உறக்கமோ பசியோ இல்லை, பிள்ளை வெளியே செல்லவே அஞ்சுகிறது, வாழ்க்கை வெறுத்துப் பேசுகிறது என்றால் தாமதிக்க வேண்டாம். அரசாங்க வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள். தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற தொலைபேசி இலக்கத்திலும் ஆலோசனை கேட்கலாம். துஆக் கேட்பதும் மருந்து எடுப்பதும் ஒன்றுக்கொன்று எதிரானவை அல்ல.

பெறுபேறு வருகிற நாளில் வரட்டும். அது வரையுள்ள நாட்களும் உங்கள் பிள்ளையின் வாழ்நாட்களே. அவற்றில் ஒரு மாலையையாவது காலியின் கடற்காற்றுக்குக் கொடுங்கள்.