கோத்தகிரியின் ஈரம்

கோத்தகிரிக்கு வருகிறவர்கள் கன்னேரிமுக்கில் சல்லிவன் பங்களாவையும் கோடநாடு காட்சிமுனையையும் பார்த்துவிட்டு மலையிறங்கிவிடுகிறார்கள். ஊரை ஒட்டியே இருக்கும் லாங்வுட் சோலைக்குள் கொஞ்ச தூரமாவது நடக்காமல் இந்த ஊரைப் பார்த்ததாகச் சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

சுமார் 116 எக்டேர்தான் பரப்பு. சுற்றிலும் தேயிலையும் வீடுகளும். வனத்துறை அனுமதியோடு ஒற்றையடிப் பாதையில் நுழைந்தால் பத்தடிக்குள் வெயில் மறைந்து குளிர் கவ்வுகிறது. மரங்கள் அவ்வளவு உயரமில்லை. முறுக்கிக்கொண்ட கிளைகளில் பாசி அப்பியிருக்கிறது. நாவல் இனத்து மரங்களின் கொழுந்து செம்பு நிறத்தில் மின்னுகிறது. மழை விட்டுப் பல நாளாகியும் சருகை விலக்கினால் விரல் நனைகிறது. ஏரியோ குளமோ கண்ணில் படாத இந்தக் காட்டுக்கு 2024இல் ராம்சர் ஈரநிலம், அதாவது உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலம், என்ற தகுதி கிடைத்தது இதனால்தான். மழையை இந்த மண் குடித்து வைத்துக்கொண்டு சிறுகச் சிறுகக் கசியவிடுகிறது. கீழே உள்ள ஊர்களின் குடிநீர் அது.

பாதை வளையும் இடத்தில் பச்சை மாறுகிறது. குழல் குழலாக ஆரஞ்சுப் பூக்கள் தொங்கும் செடி, ஆள் உயரத்துக்கு அடைத்து நிற்கிறது. அழகாகத்தான் இருக்கிறது. மத்திய அமெரிக்காவிலிருந்து தோட்டத்துக்காகக் கொண்டுவரப்பட்ட செஸ்ட்ரம் அது. பறவைகள் அதன் பழத்தைத் தின்று விதையைக் காடு முழுக்கப் போட்டுவிட்டன. அடர்ந்து வளர்ந்தால் அதன் அடியில் சோலை மரக் கன்று தலையெடுக்காது. தாய்மரங்கள் நிற்கும், பிள்ளைகள் இருக்காது. தூரத்திலிருந்து பார்க்கிறவருக்குக் காடு பச்சையாகவே தெரியும். எனக்கு அச்சம் தருவது அந்தப் பச்சைதான்.

வெட்டினால் மறுபடி துளிர்க்கும் செடி. வேரோடுதான் பிடுங்க வேண்டும், அதுவும் ஒரு முறையோடு முடியாது. அப்படி ஏற்கெனவே பிடுங்கியிருந்த இடங்களில் குனிந்து பார்த்தேன். சருகுக்கு நடுவே விரல் உயரக் கன்றுகள், இரண்டே இலையோடு. வெட்டவெளியின் வெயிலும் உறைபனியும் இவற்றுக்கு ஆகாது. பெரிய மரத்தின் நிழலில்தான் பிழைக்கும். அதனால் மரங்களை வெட்டிவிட்டு அப்புறம் நட்டுக்கொள்ளலாம் என்ற பேச்சு சோலையிடம் செல்லாது.

எங்கோ உள்ளே சிரிப்பான் குருவிகள் கூட்டமாகக் கத்தின. வெளியேறும் இடத்துக்குச் சற்று முன்னால், சேற்றில் காட்டெருமையின் குளம்புத் தடம். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்தக் குழியில் அடியிலிருந்து தண்ணீர் ஊறிவந்தது.