பெயருக்கு முன்னால் போடக் கூடாத விருது

போன வாரம் ஷாதிபூர் வீட்டில் ஒரு சின்னப் பஞ்சாயத்து. மகளுக்குப் பள்ளியில் பேச்சுப்போட்டி, தலைப்பு 'எங்கள் தீவின் பெருமை'. எழுதிக் கொண்டு வந்து காட்டினாள். முதல் வரியே "பத்மஸ்ரீ செல்லம்மாள் அவர்கள்" என்று ஆரம்பித்தது. பேனாவை எடுத்து 'பத்மஸ்ரீ'யை அடித்தேன். பேங்க் ஆபீசர் புத்தி, தப்பு கண்ணில் பட்டால் கை சும்மா இருக்காதுங்க!

"ஏம்ப்பா, அவங்க வாங்கினதுதானே?"

வாங்கினதுதான். ஆனால் பெயருக்கு முன்னாலோ பின்னாலோ போடக் கூடாது. படிப்புக்கும் ராணுவத்துக்கும் தவிர அரசு யாருக்கும் பட்டம் தரக் கூடாது என்கிறது அரசியல் சட்டத்தின் 18-வது பிரிவு. பத்ம விருதுகள் பட்டம் அல்ல, அதனால் செல்லும், ஆனால் பெயரோடு ஒட்டக் கூடாது என்று 1995-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. லெட்டர்பேடு, அழைப்பிதழ், போஸ்டர் எதிலும் கூடாது.

"பணம் தருவாங்களா?"

கிடையாது.

"ரயில்ல சலுகை?"

அதுவும் கிடையாது. (நம்ம தீவுக்கு ரயிலே கிடையாது, அது வேற விஷயம்.) குடியரசுத் தலைவர் கையெழுத்திட்ட ஒரு சான்று, ஒரு வெண்கலப் பதக்கம். பதக்கத்தின் நடுவில் தாமரை, மேலே 'பத்ம', கீழே 'ஸ்ரீ' என்று தேவநாகரியில். விழாக்களில் குத்திக்கொள்ள அதே மாதிரி சின்னதாக ஒன்று. அவ்வளவுதான்.

"அப்ப என்னப்பா பிரயோஜனம்?"

சட்டென்று பதில் வரவில்லை. மொனாக்கோ கதைக்குத் தாவினேன். நம்ம ஊருக்குள் அடங்கிவிடுகிற குட்டி ராஜ்ஜியம், சுமார் 2 சதுர கிலோமீட்டர். அங்கே 1858-லேயே இளவரசர் மூன்றாம் சார்ல்ஸ், புனித சார்ல்ஸ் விருதை ஏற்படுத்தினார். கிராண்ட் கிராஸ் தொடங்கி நைட் வரை ஐந்து படிகள். 1954-ல் கிரிமால்டி விருது என்று இன்னொன்று. நம்ம பத்ம விருதுகளும் அதே 1954-ல் வந்தவைதான். ராஜா இருக்கிற ஊரோ இல்லாத ஊரோ, நாலு பேருக்கு முன்னால் ஒருத்தரைச் சுட்டிக்காட்ட ஒரு துண்டு உலோகம் தேவைப்படுகிறது.

தங்கமணி சமையல்கட்டிலிருந்து ஒரே போடாகப் போட்டாள்: "அந்தப் பதக்கம் இல்லேன்னா அந்தம்மா பேரு உங்களுக்குத் தெரிஞ்சிருக்குமா?"

வாயை மூடிக்கொண்டேன். 2024 ஜனவரி 25-ல் வந்த பட்டியல் அது. நம்ம விஜயகாந்துக்கு மறைவுக்குப் பின் பத்மபூஷண் கிடைத்ததும் அதில்தான். பத்மஸ்ரீ 110 பேருக்கு. அவர்களில் ஒருவர் தெற்கு அந்தமான் ரங்கசாங்கைச் சேர்ந்த செல்லம்மாள், 'நாரியல் அம்மா'. படிப்பு ஆறாம் வகுப்பு. பத்து ஏக்கரில் ரசாயனம் இல்லாத விவசாயம். தென்னையோடு கிராம்பு, இஞ்சி, அன்னாசி, வாழை. அவரைப் பார்த்து 150-க்கும் மேற்பட்ட விவசாயிகள் இயற்கை விவசாயத்துக்கு வந்தார்கள் என்றது அரசுக் குறிப்பு.

மகள் முதலில் செல்லுலார் ஜெயிலைத்தான் எழுதுவதாக இருந்தாள். "இங்க வேற என்ன இருக்கு?" என்றாள். அது அவள் வார்த்தை இல்லை, என்னுடையது. "டிரான்ஸ்பர் வந்ததும் ஊருக்குப் போயிடலாம்" என்று தினமும் நான் புலம்பியதைக் கேட்டு வளர்ந்தவள். பயிர்க்கடனைப் புதுப்பிக்க எத்தனை விவசாயிகள் என் மேசைக்கு வருகிறார்கள்! பாஸ்புக் நம்பரைப் பார்த்த அளவுக்கு முகத்தைப் பார்த்தேனா?

முதல் வரியை அவளே மாற்றினாள்: "செல்லம்மாள், எங்கள் தீவின் விவசாயி." விருதைக் கடைசி வரியில் வைத்தாள். இந்த முறை நான் பேனாவைத் தொடவில்லை.