மூடுபனியைக் காட்டும் வித்தை

காட்டுக்கு வழிகாட்டுவதென்றால் மரங்களின் பெயர்களை ஒப்புவிப்பதே என்று எண்ணுவோர் பலர். 1988இல் தேசிய பூங்காவாகப் பிரகடனஞ் செய்யப்பட்ட ஹோட்டன் சமவெளியில் நாம் வழிகாட்டிப் பயிற்சிக்குச் சேர்ந்தபோது எமக்கும் ஒரு பெயர்ப்பட்டியல் தந்தார்கள். மூன்று தினங்களில் மனனஞ் செய்து முடித்தோம். மூத்த வழிகாட்டியோ, "தம்பி, பெயரைப் பலகையும் சொல்லும். நீர் எதைக் காட்டப்போகிறீர்?" என்று வினவினார்.

இங்கு வருவோரிற் பெரும்பாலார்க்கு வேண்டியது ஒன்றே. அது "உலக முடிவு" என்னும் செங்குத்தான மலைவிளிம்பு. 800 மீற்றருக்கு மேற்பட்ட அப்பாதாளத்தை முற்பகல் பத்து மணிக்குள் பெரும்பாலும் மூடுபனி மறைத்துவிடும். ஆதலால் இருளோடு எழுந்து ஓடி வருகின்றார்கள். பிந்தியவர்கள் வெண்சுவரைப் பார்த்துப் பனியைச் சபிக்கின்றார்கள். நுழைவுச்சீட்டுப் பணத்தை எம்மிடம் திருப்பிக் கேட்டோரும் உளர்!

மூதூரிலிருந்து பாடசாலைப் பிள்ளைகள் வந்த அன்றும் பஸ் பிந்திவிட்டது. விளிம்பில் வெண்மையன்றி வேறொன்றுமில்லை. ஆசிரியையின் முகம் வாடிற்று. திரும்பும் வழியில், பாசி படர்ந்த குட்டை மரங்களின் கீழே பிள்ளைகளை நிறுத்தி, ஐந்து நிமிடம் பேசாதிருக்கச் சொன்னோம். மழை இல்லை; ஆயினும் எங்கும் சொட்டுச் சொட்டென்று ஓசை. இலையும் பாசியும் பனித்துளிகளைப் பிடித்து நிலத்துக்கு ஊட்டும் விதத்தை அதன் பின்னரே விளக்கினோம். மகாவலி, களனி, வளவை ஆகிய மூன்று கங்கைகளுக்கும் இச்சமவெளி நீரளிக்கின்றது. இங்குள்ள மரங்களோ பல்லாண்டுகளாக நுனியிலிருந்து பட்டு வருகின்றன. மரங்கள் குறைந்தால் பனியைப் பிடிப்பார் யார்?

"அண்ணா, இந்தத் தண்ணி எங்கட ஊருக்கு வருமா?" என்றாள் ஒரு சிறுமி.

மகாவலி கடலோடு கலப்பது அவளுடைய கொட்டியாரக் குடாவிலன்றோ! ஆம் என்றிருந்தால் மகிழ்ந்திருப்பாள். ஆனால், பிள்ளைகளிடம் இனிய பொய் சொல்வது வழிகாட்டிக்கு அழகன்று. இவ்விடத்து நீர் பெலிஹுல் ஓயா வழியே தெற்கே வளவைக்குச் செல்கின்றது. சமவெளியின் மறுபுறத்து நீரே மகாவலிக்குரியது என்றோம். அவள் விட்டாளில்லை. "அந்தப் பக்கத்துத் தண்ணி வர எத்தனை நாள் செல்லும்?"

நாட்கணக்குச் சொல்ல இயலுமா? இடையிலே எத்தனை அணைகள்! கொத்மலை, பொல்கொல்லை, விக்டோரியா, ரந்தெனிகலை, ரந்தம்பை என்று நாம் ஒவ்வொன்றாகச் சொல்ல, அவள் விரல் மடக்கி எண்ணிக்கொண்டே எம்முடன் நடந்தாள்.