கேம் சிடியின் நடுவளையத்தில் என்ன எழுதியிருக்கிறது?



இரண்டு வாரமாக மேசை விளக்கும் பூதக்கண்ணாடியுமாக உட்கார்ந்து நான் என்ன செய்கிறேன் என்று வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாரும் கேட்டுவிட்டார்கள். அனைவருக்கும் சேர்த்து இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன்.

அக்கா மகன் அமெரிக்காவில் படித்தபோது வாங்கிய பிளேஸ்டேஷன் கேம் சிடிகள் 38 இருக்கின்றன. ஊர் திரும்பியதும், "மாமா, பழைய சாமான்காரர்கிட்ட போட்டுடலாமா?" என்றான். "போடலாம்டா. முதல்ல என்னென்ன இருக்குன்னு ஒரு நோட்டுல எழுதிடுவோம்" என்றேன்.

எழுத ஆரம்பித்த பிறகுதான் ஒரு சிடியில் இத்தனை அடையாளங்கள் உண்டு என்று தெரிந்தது. மேல்பக்கம் அச்சிட்டிருப்பது விளையாட்டின் வரிசை எண். எஸ்எல்யுஎஸ் என்று தொடங்கினால் அமெரிக்க வெளியீடு, எஸ்எல்இஎஸ் ஐரோப்பா, எஸ்எல்பிஎஸ் ஜப்பான். 'ஃபைனல் ஃபேன்டசி 7' மூன்று சிடிகளில் வந்தது. அமெரிக்க வெளியீட்டில் அவற்றின் எண்கள் எஸ்சியுஎஸ்-94163, 94164, 94165. பெட்டியின் அட்டையைப் பார்த்து எழுதினால் ஏமாந்துபோவோம். பலமுறை மாற்றி மாற்றி வைத்ததில், ஒன்றின் பெட்டிக்குள் மற்றொன்று குடியிருக்கும்.

அடிப்பக்கம் இன்னும் சுவாரசியம். பிளேஸ்டேஷன் சிடியின் அடிப்பக்கம் கறுப்பு. நம் கண்ணுக்குத்தான் கறுப்பு. சிடியைப் படிக்கும் 780 நானோமீட்டர் அகச்சிவப்பு லேசருக்கு அது கண்ணாடி மாதிரி. நடுத்துளையைச் சுற்றி, தகவல் பதிவு தொடங்குவதற்கு முன்னால், ஒரு மெல்லிய வளையம் இருக்கிறது. சிடியை விளிம்பில் பிடித்து, விளக்கைச் சாய்வாக வைத்து மெதுவாகத் திருப்பினால் அதில் பொடி எழுத்துகள் மின்னும்.

ஒரு சிடி எப்படிப் பிறக்கிறது என்பதை அந்த எழுத்துகள் சொல்கின்றன. முதலில் கண்ணாடித் தட்டில் லேசரால் மூலப்பதிவு எடுப்பார்கள். அதிலிருந்து நிக்கல் அச்சுத் தகடு. அந்தத் தகட்டை வார்ப்பில் பொருத்தி, உருகிய பாலிகார்பனேட்டை அழுத்தினால் சிடி. மூலப்பதிவுக்கு ஓர் எண், வார்ப்புக்கு ஓர் எண். திருட்டுப் பதிப்புகளின் பிறப்பிடத்தைக் கண்டுபிடிக்க ஐஎஃப்பிஐ என்ற இசைத்துறை அமைப்பும் பிலிப்ஸ் நிறுவனமும் 1994-இல் ஒரு குறியீட்டு முறை கொண்டுவந்தன. 'ஐஎஃப்பிஐ எல்' என்று தொடங்கினால் மூலப்பதிவு செய்த கருவியின் அடையாளம். 'எல்' இல்லாமல் நான்கு எழுத்துகள் வந்தால் வார்ப்பின் அடையாளம். எல்லா சிடியிலும் இரண்டும் இருக்கும் என்று சொல்ல முடியாது.

நம் ஊரில் பலர் விளையாடியது நகல் சிடியில்தான். அதிலும் அடிப்பக்கம் கறுப்பாகவே கிடைத்ததுண்டு. ஆனால் அதன் வளையத்தில் வெற்று சிடி செய்தவரின் குறிதான் இருக்கும். நிறம் ஏமாற்றும், வளையம் ஏமாற்றாது.

38-இல் ஒரே கார் பந்தய விளையாட்டு இரண்டு இருந்தது. ஒன்று இவனுடையது, மற்றது அறைத்தோழன் விட்டுப்போனது. படமும் வரிசை எண்ணும் ஒன்றே. "ரெண்டும் ஒண்ணுதான் மாமா, கீறல் விழுந்ததைத் தூக்கிப் போட்டுடுங்க" என்றான். வளையத்தைப் பார்த்தேன், மூலப்பதிவு எண் வேறு. தனித்தனி வரியில் எழுதி வைத்தேன். பிறகு அவனே இரண்டையும் கணினியில் படியெடுத்து ஒப்பிட்டான். உள்ளடக்கம் ஒன்றாக இல்லை. பிழை திருத்தி மறுபடி வெளியிடும்போது மேல்படத்தை மாற்றாமல் விடுவது உண்டு. கீறல் விழுந்த சிடிதான் முந்தைய பதிப்பு. அதை அவன் இப்போது தனி உறையில் போட்டு வைத்திருக்கிறான். ரீடம்ப் என்ற திட்டத்தில் உலகெங்கும் தன்னார்வலர்கள் இந்த வளைய எண்களையும் சேர்த்துப் பதிவு செய்வது இதற்காகத்தான்.

எழுதும்போது ஒரே விதி: கண்ணில் படுவதை மட்டும் எழுது. பூஜ்யமா 'ஓ'வா, எட்டா 'பி'யா என்று புரியாத இடத்தில் கேள்விக்குறி. பக்கத்து சிடியைப் பார்த்து நிரப்பக் கூடாது. பன்னிரண்டாம் வகுப்பில் ஊசலை ஆட்டாமலே ஈர்ப்பு முடுக்கம் 980 என்று ரெக்கார்டு நோட்டில் எழுதியவர்களுக்கு நான் என்ன சொன்னேன் என்று நினைவிருக்கிறதா? "965 வந்தால் 965 எழுது. அது உன் ஊசல்." விடை தெரிந்த கேள்வி என்பதால் அன்று நஷ்டம் ஒன்றும் இல்லை. இந்த எண்களுக்கு விடைப் புத்தகம் கிடையாது. நான் ஊகித்து எழுதினால் அடுத்தவருக்கு அதுவே உண்மையாகிவிடும்.

உங்கள் வீட்டுப் பரணிலும் பழைய கேம் சிடிகள் கிடக்கும். எறிவதற்கு முன் ஒருமுறை சாய்வு வெளிச்சத்தில் பாருங்கள். துடைப்பதானால் மென்துணியால் நடுவிலிருந்து விளிம்பு நோக்கி நேராகத் துடையுங்கள், வட்டமாகத் தேய்க்காதீர்கள். மேல்பக்கத்தில் பேனாவால் அழுத்தி எழுதாதீர்கள், தகவல் இருப்பது அந்தப் படத்துக்குச் சற்றுக் கீழேதான். எண்களைத் தாளில் எழுதிப் படம் எடுத்து அனுப்பினால் மகிழ்வேன். கேள்விக்குறிக்கு மதிப்பெண் குறைக்க மாட்டேன்.