படலை திறவாத நாள்

யாழ்ப்பாணத்து வளவுக்கு வேலி வேண்டும். வேலிக்குப் படலை வேண்டும். வேலி இல்லையாயின் அயலார் ஆடு வந்து மேயும்; படலை இல்லையாயின் வீட்டுக்காரரே தெருவில் நிற்பர். இரண்டாவது நிலை அண்மையில் எமக்கு வாய்த்தது. கிடுகு வேலியினால் அன்று. கணினிக்கு நாமே கட்டிய வேலியினால்.

கரையூர் என்று முன்னோர் வழங்கிய குருநகரிலே, கடற்கரைக்கு அண்மையிலுள்ள வாசிகசாலை ஒன்றில் சிறியதொரு சேர்வரைப் பராமரித்து வருகின்றோம். கேட்டவர்க்குக் கேட்டதை இணையத்தின் வழியே எடுத்து நீட்டும் கணினியே சேர்வர். ஊரவர் வீட்டுப் பெட்டிகளில் கிடந்த கலியாணப் படங்கள், கோயில் மலர்கள், வள்ளக் கணக்குக் கொப்பிகள் முதலியவற்றின் பிரதிகள் அதில் உள்ளன. 1981ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் அரிய சுவடிகளும் சாம்பலாயின. அதை அறிந்த எவருக்கும், பழைய தாள் ஒன்றைப் பேணுவது வெறும் பொழுதுபோக்காகத் தோன்றாது.

இணையத்தோடு சேர்ந்த கணினியைக் கடவுச்சொல் ஊகித்துத் தட்டும் இயந்திரங்கள் இரவும் பகலும் சுற்றுகின்றன. அவற்றைத் தடுப்பதே பயர்வோல் எனப்படும் தீயரண். ஒரு கட்டடத்துத் தீ மற்றதற்குத் தாவாதபடி எழுப்பும் சுவரின் பெயரையே இதற்கும் இட்டனர். சேர்வருக்கு எண்ணிட்ட துறைகள் உண்டு. 0 முதல் 65,535 வரை. வள்ளங்களுக்குத் துறை இருப்பது போல, இணையப் பக்கம் நாடி வருவோர்க்கு 80, 443 ஆகிய துறைகளும், தொலைவிலிருந்து பராமரிப்பவர்க்கு 22ஆம் துறையும் வழக்கமாக உரியன. வேண்டிய துறைகளைத் திறந்து, ஏனையவற்றை அடைப்பதே தீயரணின் பணி.

கொக்குவிலில் எம் வீட்டில் இருந்தபடியே ஓர் இரவு அந்த அரணை எழுப்பினோம். வருவன யாவற்றையும் தடு என்றோம். 80ஐயும் 443ஐயும் திற என்றோம். நாம் நுழைந்திருந்த 22ஐ மறந்தோம்! முன்னரே ஏற்பட்டிருந்த இணைப்பு அறாது நின்றமையால் பிழை புலப்படவில்லை. மனநிறைவோடு கணினியை மூடி உறங்கினோம். காலையில் மீண்டும் தட்டினால் பதிலே இல்லை. மாணவர்கள் இங்கே ஒன்றைக் கருத்திற் கொள்ளலாம். தட்டியவுடன் மறுப்பு வருமாயின், பெரும்பாலும் அத்துறையில் எவரும் காத்திருக்கவில்லை என்பது பொருள். மறுப்பும் வராது நெடுநேரம் மௌனம் நிலவுமாயின், இடையில் அரண் ஒன்று நின்று விழுங்குகிறதோ என ஐயுற வேண்டும். எமக்குக் கிடைத்தது மௌனம். குருநகருக்குச் சைக்கிளில் சென்று, சேர்வரின் முன்னே அமர்ந்து 22ஐத் திறந்துவிட்டு வந்தோம்.

அன்று மாலையே ரொறன்ரோவிலிருந்து சின்னம்மா தொலைபேசியில் அழைத்தார். அவருடைய தந்தையார் தம் வள்ளத்தருகே நிற்கும் படம் எம்மிடம் வந்து சேர்ந்திருந்தது. அதைப் பார்க்க முயன்றால் பக்கம் திறக்கவில்லையாம். “ஊரை விட்டுப் போனவளெண்டு எனக்குப் படலையைச் சாத்திப் போட்டியளோ, தம்பி?” என்றார். பகிடியாகத்தான் சொன்னார், ஆயினும் சுருக்கென்றது.

இங்கே திறக்கும் பக்கம் அங்கே ஏன் திறக்கவில்லை? உயர்தர வகுப்பில் பயிலும் எம் மருமகன், “மாமா, உந்த வேலியை ஒருக்கா நிப்பாட்டிப் போட்டுப் பாப்பமே?” என்றான். இலகுவான வழிதான். பலர் அவ்வாறு நிறுத்துகின்றனர். வேலை நடந்துவிட்டால் மீண்டும் எழுப்ப மறந்தும் போகின்றனர். “படலை இறுகினால் வேலியையே பிடுங்கிறது, தம்பி?” என்று சொல்லி, தீயரணின் நாட்குறிப்பைத் திறந்தோம். தடுக்கப்பட்டவரின் முகவரியும் அவர் நாடிய துறையும் நேரத்தோடு அதில் வரிவரியாகப் பதிந்திருந்தன. சின்னம்மாவின் இணைய முகவரியைக் கேட்டு அறிந்து தேடினோம். அதுவும் அங்கே இருந்தது: 443ஆம் துறை, தடுக்கப்பட்டது.

காரணமும் அகப்பட்டது. முதல்நாள் கடவுச்சொல் ஊகித்த இயந்திரம் ஒன்றின் அயல் முகவரிகளை அடைக்க ஒரு விதி எழுதியிருந்தோம். அதில் முகவரியின் பின் இடும் எண் சிறிதாகச் சிறிதாக, தடைபடும் கூட்டம் பெரிதாகும். 24 என்று இட வேண்டிய இடத்தில் 8 என்று இட்டுவிட்டோம். 256 முகவரிகளை அடைக்க எண்ணி 1,67,77,216 முகவரிகளை அடைத்தாயிற்று. கண் சிறுத்த வலை குஞ்சையும் வாருவது போல, கள்வனோடு சின்னம்மாவையும் வாரிவிட்டோம். தீயரண் விதிகளை மேலிருந்து கீழாக வாசித்து, முதலில் பொருந்தியதையே நிறைவேற்றும். ஆதலின் கீழே 443ஐத் திறந்துவைத்தும் பயனில்லை. எண்ணைத் திருத்தினோம்; வேலி நின்றபடியே நிற்கப் படலை திறந்தது.

அரண் மட்டும் போதாது என்பதும் உண்மை. 2023ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் இலங்கை அரசின் மின்னஞ்சற் சேவை தாக்கப்பட்டபோது, ஏறத்தாழ 5,000 முகவரிகளுக்குரிய மூன்று மாதத்துக்கு மேற்பட்ட தரவுகள் இழக்கப்பட்டன. அக்காலத்துக்கு மாற்றுப் பிரதி இருக்கவில்லை. எனவே எம் சேமிப்பின் பிரதி ஒன்றை வேறொரு வீட்டில், எந்த இணைப்பும் இல்லாது வைத்திருக்கின்றோம்.

காவல் என்றால் அடைப்பது என்று எண்ணியிருந்தோம். யாருக்காகக் காக்கின்றோமோ அவர் உள்ளே வர இயலாவிடின், அது காவலாகுமா?

இரவு சின்னம்மா மீண்டும் அழைத்தார். சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. பின்னர், “அப்பு நிக்கிறார், தம்பி” என்றார்.