நாற்காலி போட்டவர்

கச்சேரி முடிந்து வீடு திரும்புகிறவர்கள் பாட்டைப் பற்றிப் பேசுவார்கள். பக்கவாத்தியத்தைப் பற்றிப் பேசுவார்கள். சங்கீத ஞானத்தைவிடச் சிற்றுண்டி ஞானம் அதிகம் உள்ளவர்கள் காண்டீன் அடையைப் பற்றிப் பேசுவார்கள். நாற்காலி போட்டவரைப் பற்றி மட்டும் யாரும் பேசுவதில்லை. நாற்காலி உடைந்திருந்தால் பேசுவார்கள்.

பிறர் கலையை விற்றுப் பிழைக்கிறவர்கள் மேல் எனக்கு வெகு நாளாகவே ஒரு சந்தேகம் உண்டு. கதை எழுதுகிறவனுக்கு அது இயற்கைதானே? என் முதல் நாவலை வெளியிட்டவர், நான் பணம் கேட்கப் போனபோதெல்லாம் முதல் தரமான காப்பி வரவழைத்துக் கொடுப்பார். மூன்று வருஷம் நல்ல காப்பி சாப்பிட்டேன். அந்தச் சந்தேகத்தை நான் இன்னும் விட்டுவிடவில்லை. ஆனால் அதற்கு விலக்காக ஒருவரை வைத்திருக்கிறேன்.

அமெரிக்கப் பாடகி எலா ஃபிட்ஸ்ஜெரால்டின் பழைய இசைத்தட்டு ஒன்றை நண்பர் கொடுத்தார். உறையின் முன்பக்கத்தில் பெரிதாகப் பாடகியின் பெயர். பின்பக்கத்தில், பொடி எழுத்தில், நார்மன் கிரான்ஸ் என்ற பெயர். பொடி எழுத்தில் இருப்பவர்கள் மேல்தான் எனக்குக் கண் போகும். கதை அங்கேதான் கிடைக்கும்.

கிரான்ஸ் 1918-ல் லாஸ் ஏஞ்சல்ஸில் பிறந்தவர். யூதர். தகப்பனார் கடை வைத்திருந்து பொருளாதார மந்தத்தில் அதை இழந்தவர். பிள்ளை சினிமாக் கம்பெனியில் படம் வெட்டி ஒட்டும் இலாகாவில் வேலைக்குப் போனார். பொழுது போனால் ஜாஸ் கேட்பார்.

ஜாஸ் கறுப்பர்கள் அமெரிக்காவுக்குக் கொடுத்த சங்கீதம். ஆனால் அதை வாசிக்கிற க்ளப்புகளில் பலவற்றுக்குள் கறுப்பர்கள் காசு கொடுத்தாலும் நுழைய முடியாது. மேடையில் கறுப்பர், கீழே வெள்ளையர். 1942-ல் ஒரு நாள் பாடகி பில்லி ஹாலிடே கிரான்ஸிடம் வந்து அழுதார். தான் பாடுகிற க்ளப்புக்குத் தன்னைக் கேட்க வந்த சிநேகிதர்களை, கறுப்பர்கள் என்று வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்களாம்.

இருபத்து மூன்று, இருபத்து நாலு வயசுப் பையன் இதற்கு என்ன செய்வான்? ஆறுதல் சொல்வான். கோபம் இருந்தால் பத்திரிகைக்குக் கடிதம் எழுதுவான். கிரான்ஸ் நேரே க்ளப் முதலாளியிடம் போனார். வாரத்தில் வழக்கமான வித்வான்களுக்கு ஓய்வு நாள் ஒன்று உண்டல்லவா, அந்த ராத்திரியை எனக்குக் கொடுங்கள் என்றார். நிபந்தனைகள் போட்டார்: யார் வந்தாலும் உள்ளே விட வேண்டும், வாசிக்கிறவர்களுக்குச் சம்பளம் உண்டு, நடனம் ஆடுகிற தளத்தில் மேஜை நாற்காலி போட்டுவிட வேண்டும். வந்தவர்கள் உட்கார்ந்து கேட்கட்டும்!

என்னைக் கேட்டால், அந்த மனிதரின் பிற்காலத்துக் காரியங்கள் அத்தனையும் அந்த நாற்காலிகளில் அடங்கியிருந்தன என்பேன்.

1944 ஜூலை 2-ஆம் தேதி லாஸ் ஏஞ்சல்ஸ் ஃபில்ஹார்மானிக் மண்டபத்தில் முதல் பெரிய கச்சேரி வைத்தார். ஒரு கொலை வழக்கில் தண்டிக்கப்பட்ட மெக்ஸிகோ வம்சத்து இளைஞர்களின் வழக்குச் செலவுக்காக. விளம்பரத்தில் அடிக்க இடம் போதாமல் அச்சுக்காரர் ‘ஜாஸ் அட் தி ஃபில்ஹார்மானிக்’ என்று சுருக்கினாராம். சுருக்கிய பெயரே நிலைத்தது; தேசமெங்கும் அந்தப் பெயரில் கோஷ்டி போயிற்று. கச்சேரியை அப்படியே, கைதட்டலும் சீட்டியுமாகத் தட்டில் பதிந்து விற்றார். பிறகு சொந்தக் கம்பெனிகள்: க்ளெஃப், நார்கிரான், 1956-ல் வெர்வ்.

விமரிசகர்கள் முகத்தைச் சுளித்தார்கள். சாக்ஸபோன்காரர்கள் அலறுகிறார்கள், இது சங்கீதமா, குஸ்தியா என்றார்கள். சில தட்டுகளைக் கேட்டபோது அவர்கள் கட்சிக்கும் கொஞ்சம் நியாயம் இருக்கிறதென்றே எனக்குப் பட்டது. ஆனால் அந்தக் கூச்சலில் வந்த பணத்தை அவர் எப்படிச் செலவழித்தார் என்பதையும் பார்க்க வேண்டும். வித்வான்களுக்குத் தாராளமான சம்பளம், நல்ல ஹோட்டல். மண்டபக்காரர்களோடு ஒப்பந்தத்தில் ஒரு ஷரத்து: இனம் பார்த்துப் பிரித்து உட்கார வைக்கக் கூடாது. ஒப்பவில்லையா? கச்சேரி இல்லை.

1955 அக்டோபர் 7-ஆம் தேதி டெக்ஸாஸ் மாகாணத்து ஹூஸ்டனில் கச்சேரி. அங்கே கழிப்பறை வாசலில்கூட வெள்ளையருக்கு ஒன்று, நீக்ரோக்களுக்கு ஒன்று என்று பலகை. கிரான்ஸ் பலகைகளைக் கழற்றச் செய்தார். பக்கத்து இருக்கைக்காரரைப் பார்த்துவிட்டு இடம் மாற்றிக் கேட்டவர்களுக்கு, காசைத் திருப்பித் தருகிறேன், இடத்தை மாற்ற மாட்டேன் என்று பதில்.

முதல் ஆட்டம் நடந்துகொண்டிருக்கிறது. உள்ளே வித்வான்களின் அறையில் டிஸ்ஸி கில்லஸ்பியும் இல்லினாய் ஜாக்கேயும் பொழுது போகாமல் பகடை உருட்டிக்கொண்டிருந்தார்கள். எலா ஏதோ பலகாரம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மப்டியில் போலீஸ் புகுந்தது. சூதாட்டமாம்! ஒரு போலீஸ்காரர் குளியலறைப் பக்கம் போகவும் கிரான்ஸ் பின்னாலேயே போனார்: போதை மருந்தை அவர்களே வைத்துவிட்டு அவர்களே எடுப்பார்களோ என்ற பயம். போலீஸ்காரர் துப்பாக்கியை அவர் வயிற்றில் வைத்துச் சுட்டுவிடுவேன் என்றார். கிரான்ஸ் நகரவில்லை. எல்லோரையும் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோனார்கள். பெயர் கேட்டதற்கு டிஸ்ஸி, ‘லூயி ஆம்ஸ்ட்ராங்’ என்றாராம். அந்த எலாவிடமே அங்கே ஒருவர் கையெழுத்தும் கேட்டாராம்!

தலைக்குப் பத்து டாலர் கட்டித் திரும்பி வந்து இரண்டாவது ஆட்டத்தையும் நடத்தினார்கள். பத்து டாலரோடு விட்டிருந்தால் லாபம். கிரான்ஸ் வக்கீல் வைத்து, அதைப்போல எத்தனையோ மடங்கு செலவு செய்து, வழக்கைத் தள்ளுபடி செய்ய வைத்தார். வியாபாரி செய்கிற கணக்கா இது?

வியாபாரமும் அவருக்குத் தெரியாமல் இல்லை. எலா வேறொரு கம்பெனியில் கட்டுப்பட்டிருந்தார். அந்தக் கம்பெனி ஒரு சினிமாவின் சங்கீதத்தை வெளியிட ஆசைப்பட்டது. அதில் வாசித்தவர்கள் சிலர் கிரான்ஸின் ஆட்கள். என் ஆட்கள் வேண்டுமானால் எலாவை விடு என்றார். விட்டார்கள். 1956-ல் கோல் போர்ட்டர் பாட்டுகளை எலா பாடி வெர்வ் வெளியிட்ட இரட்டை இசைத்தட்டு, பாடகிக்கும் கம்பெனிக்கும் ஒரேயடியாக வாழ்வு கொடுத்தது. மண்டபக்காரர்களிடம் ஷரத்துப் போட்ட இந்த மனிதருக்கும் எலாவுக்கும் நடுவே, பல வருஷங்கள் அவருடைய காரியங்களை நிர்வகித்த பிறகும், எழுத்து மூலமாக ஒப்பந்தமே கிடையாது. இதைப் படித்தபோது என் காப்பி ஞாபகம் வந்தது.

ஆள் இனிமையானவர் அல்ல. வெடுக்கென்று பேசுவார், சண்டைக்காரர் என்றே பெயர். அதனால் எனக்குக் குறையொன்றும் இல்லை. இனிமையான முதலாளிகளை நான் பார்த்திருக்கிறேன்.

1960-61-ல் வெர்வை எம்.ஜி.எம். கம்பெனிக்கு இருபத்தைந்து லட்சம் டாலர் வாக்கில் விற்றுவிட்டு, ஸ்விட்ஸர்லாந்தில் வாழ்ந்தார். பிகாஸோவின் சித்திரங்களை வாங்கினார். அவரோடு சிநேகமும் ஏற்பட்டது. 1973-ல் மறுபடி ஒரு கம்பெனி ஆரம்பித்து, அதற்குப் பாப்லோ என்று பெயர் வைத்தார். 2001-ல் ஜெனீவாவில் காலமானார்.

ஒரு விஷயம் விட்டுப்போயிற்று. ஆர்ட் டேட்டம் என்று பியானோ மேதை. கண் அநேகமாகத் தெரியாது. 1953 டிசம்பரில் கிரான்ஸ் அவரைப் பியானோ முன் உட்கார வைத்து, பிரியப்பட்டதை வாசியுங்கள் என்றார். இரண்டே நாளில் அறுபதுக்கு மேற்பட்ட உருப்படிகள். தனிப் பியானோ, தட்டு தட்டாக. அதை வாங்க எத்தனை பேர் வருவார்கள்? மூன்று வருஷத்தில் டேட்டம் போய்விட்டார். வெர்வை விற்றபோது அந்தப் பதிவுகளும் சேர்ந்து போயின. பாப்லோவை ஆரம்பித்த பிறகு, தாம் விற்ற சரக்கிலிருந்து அந்த டேட்டம் பதிவுகளை மட்டும் கிரான்ஸ் காசு கொடுத்துத் திரும்ப வாங்கி, மறுபடி வெளியிட்டார்.